தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாளர் யார்?

சட்டம் படித்தவர்கள் நாம். எந்தக் குறையைக் கண்டாலும் அதன் வேரை முதலில் சட்டப் புத்தகத்திலே தேடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையின் குறையைத் தேடிப் போனால், 1907-ஆம் ஆண்டின் எட்டாம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலே போய் நிற்கின்றோம். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகட்குத் தாய்மொழியிலே கல்வி அளிக்கும் கடமையை அச்சட்டம் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. பள்ளிக்கென ஓர் அறையை ஒதுக்குவதும் அவர் கடமை. அதாவது, செடிக்கு உரமிடுவதும் கூலிக்குக் கணக்குப் பார்ப்பதும் எவர் பொறுப்போ, அவர் பொறுப்பிலேயே பிள்ளைகளின் எழுத்தறிவும் விடப்பட்டது. பிள்ளைகள் படித்துவிட்டால் நாளைக்குக் கொழுந்து பறிக்க ஆள் குறையுமே என்று அஞ்சக்கூடிய ஒருவரிடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்துவிட்டு, அது ஏன் வளரவில்லை என்று கேட்பது விந்தையன்றோ!

அங்கே வாத்தியாராக இருந்தவர் துரை வைத்தால் இருப்பார். போ என்றால் போவார். ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. பயிற்சி பெற்றவர் மிகச் சிலரே. ஆயினும் அம்மனிதர்களை நாம் இகழமாட்டோம். லயத்திலே ஊர்க் கடிதத்தை வாசித்துச் சொன்னவரும், துரைக்கு மனு எழுதித் தந்தவரும் பல தோட்டங்களில் அந்த வாத்தியாரே.

1945-இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. அதன் வெளிச்சம் தோட்டத்து எல்லையோடு நின்றுவிட்டது. 1947-இல் கல்விச் சட்டத்தைத் திருத்தினார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவன் பிள்ளை படிக்கும் பள்ளியை எந்த மந்திரி எண்ணிப் பார்ப்பார்? 1960, 1961-ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியிலேயே நின்றன. 1972, 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, எழுபதுகளின் இறுதியில், அவை ஒவ்வொன்றாகக் கல்வித் திணைக்களத்தின் கைக்கு வந்தன.

அதன் பின் கட்டடங்கள் எழுந்தன. சுவீடன் நாட்டின் உதவி வந்தது; ஜேர்மனியின் உதவியால் பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது; அண்மையில் ஒன்பது பெருந்தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த இந்தியா பணம் ஒதுக்கியது. கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி. ஆனால் அக் கட்டடத்துக்குள்ளே கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் யார் என்பதே நம் கேள்வி.

2015-இல் உயர்தரம் படித்த இளைஞர் ஏறத்தாழ மூவாயிரம் பேரைப் பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு 'ஆசிரியர் உதவியாளர்' என்று அனுப்பினார்கள். மாதப் படி 6000 ரூபாய். அந்நாளில் கொழுந்து பறித்த தாய்க்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து நாளொன்றுக்கு 620 ரூபாய். பத்து நாட் கூலிக்குச் சமமான பணத்தை ஒரு மாதச் சம்பளமாக வைத்து, பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வகுப்பறைக்குள் விட்டார்கள். பெயரோ உதவியாளர், பல பள்ளிகளிலே அவர் உதவுவதற்கு ஆசிரியரே இல்லை! பின்னர் படி 10000 ஆயிற்று. அவ்விளைஞரை நாம் குறை கூறவில்லை. அவரை வழிநடத்த ஓர் அதிபர் இருந்தாரா என்றே கேட்கின்றோம்.

ஐந்தாம் வகுப்போடு முடியும் சிறு பள்ளிகளை நாம் பல முறை சென்று கண்டிருக்கிறோம். நிரந்தர அதிபர் இல்லை. பதில் கடமை பார்ப்பவர் ஒருவர். அவருக்கும் வகுப்பு உண்டு. வலயப் பணிமனையில் கூட்டமென்றால் இடாப்புக் கட்டோடு காலை பஸ்ஸிலே போய்விடுவார். அன்று அவர் வகுப்புக்கு விடுமுறை. மஸ்கெலியாப் பக்கத்துப் பள்ளியொன்றில் மாறான காட்சியையும் கண்டோம். அங்குள்ள அதிபர் அம்மையார் நாள்தோறும் முதல் மணியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தம் முன்னே வாசிக்கச் செய்கிறார். இரண்டு நாள் வராத பிள்ளையைத் தேடி மாலையில் லயத்துக்கே போகிறார். கட்டடம் பழையது, கூரை ஒழுகுகிறது. நான்காம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை அங்கே ஒன்றுகூட இல்லை.

இங்கே நம் பக்கத்துக் கணக்கையும் வாசித்துவிட வேண்டும். ஆசிரியர் இடமாற்றம் கேட்டு வந்தால் சிபாரிசுக் கடிதம் கொடுப்பது மலைநாட்டில் தொழிற்சங்கத்தார்க்கும் கட்சிக்காரருக்கும் வழக்கம். நாமும் கொடுத்திருக்கிறோம். பஸ் வசதியில்லாமல் மூன்று மைல் ஏறிப்போன ஓர் ஆசிரியைக்காக எழுதினோம். அவர் துன்பம் மெய்யே. ஓராண்டு கழித்து அதே தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ஒரு தாய் நம்மை நிறுத்தினார். “ஐயா, நீங்க குடுத்த கடுதாசியாலதான் டீச்சர் போனாங்களாம். புள்ளைகளுக்கு இன்னும் யாரும் வரல. எங்களுக்கும் ஒரு கடுதாசி எழுதித் தாங்களேன்” என்றார். அதற்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்கவில்லை.

அரசியலமைப்பின் 27-ஆம் உறுப்புரை எல்லார்க்கும் சமமான கல்வி வாய்ப்பை உறுதிப்படுத்துவது அரசின் குறிக்கோள் என்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி, 29-ஆவது, இதை வைத்து எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது என்கிறது. பெற்றோருக்கோ அப்படிப்பட்ட தப்புவழி இல்லை. 1997-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஐந்து முதல் பதினான்கு வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. 2016-இல் அது பதினாறாக உயர்ந்தது. பிள்ளையை அனுப்பாத தாயைச் சட்டம் கேட்கும். ஆசிரியரை அனுப்பாத அதிகாரியை எந்தச் சட்டம் கேட்கும்?

நாம் கேட்பது பெரிதன்று. எந்தச் சிறு பள்ளிக்கும் நிரந்தர அதிபர் வேண்டும். வந்தவர் சில ஆண்டாவது தங்க வேண்டும். தங்க விடுதியும் வேண்டும். மாற்று ஆசிரியர் வந்து கையொப்பமிடும் முன் இருப்பவரை விடுவிக்கலாகாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வைத்துவிட்டு, பெற்றோர் வரவில்லை என்று குறிப்பெழுதும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

நம் அமைப்பு தன் பங்குக்கு ஒரு முடிவு செய்திருக்கிறது. பதிலுக்கு வருபவரின் பெயர் எழுதப்படாத எந்த இடமாற்ற மனுவிலும் நம் உறுப்பினர் இனிக் கையொப்பமிடார். இதனால் சில ஆசிரிய நண்பர்கள் நம்மைக் கோபிப்பர், கோபிக்கட்டும். பிரட்டுக்களத்திலே அந்தத் தாய் கேட்ட கடிதத்தை, லயத்துப் பெற்றோர் அனைவரும் கையொப்பமும் கைநாட்டும் இட, வலயப் பணிமனையிலே நேரில் சேர்ப்பித்துவிட்டோம். பதில் வந்ததும் அதனை இப்பத்திரிகையிலேயே எழுத்துக்கு எழுத்து அச்சிடுவோம்.