கதாநாயகனுக்கு இடுப்பில் கயிறு உண்டு. உடைந்த பாலத்தில் வாலிபருக்கு?

சென்னை அடையாறு முகத்துவாரத்தில் ஒரு பாலம் இருக்கிறது. அது எந்த ஊருக்கும் போகாது. ஆற்றுக்கு மேலே கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். அப்படிப்பட்ட பாலத்துக்குத்தான் சென்னையில் அதிக ரசிகர்கள்!

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் 29-சி பஸ்சில் ஏறி பெசன்ட்நகர் கடைசி ஸ்டாப்பில் இறங்கிப் பார்த்தால் தெரியும். பாதிப்பேர் எலியட்ஸ் பீச்சில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து விடுவார்கள். மீதிப்பேரில் ஒரு கூட்டம் வடக்கே திரும்பும். ஊரூர் குப்பத்தைத் தாண்டி மணலில் நடக்கும். கையில் செல்போன். "இங்கேதான்டா அந்த பைட் சீன் எடுத்தாங்க" என்று பேசிக்கொண்டே போகும்.

அவர்கள் போவது "புரோக்கன் பிரிட்ஜ்" என்று பெயர் எடுத்துவிட்ட உடைந்த பாலத்துக்கு.

சண்டைக் காட்சியா, டூயட் பாட்டா, ரவுடிகள் பணப்பெட்டி கை மாற்றும் இடமா, கதாநாயகன் தனியாக நின்று அழும் இடமா? எல்லாவற்றுக்கும் இந்தப் பாலம்தான். தமிழ் சினிமாவுக்கு இத்தனை வருஷம் சம்பளம் வாங்காமல் நடித்த நடிகர் வேறு யாரும் இல்லை.

10 வருஷப் பாலம்

இந்தப் பாலம் சினிமாவுக்காக கட்டப்பட்டது அல்ல. 1967-ம் ஆண்டு மீனவர்களுக்காக கட்டப்பட்டது. சாந்தோம், பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பத்து மக்களும், ஊரூர் பக்கத்துக் குப்பத்து மக்களும் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடந்து போய்வர வழி செய்தார்கள். மீன்கூடையைத் தலையில் வைத்தால் பத்து நிமிஷத்தில் அக்கரை.

1977-ம் ஆண்டு அடையாற்றில் பெருக்கெடுத்து வந்த வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன்பிறகு கட்டவில்லை.

பாலமாக இருந்தது 10 வருஷம். உடைந்த பாலமாக இருப்பது 50 வருஷத்தை நெருங்குகிறது. உடைந்த பிறகுதான் பெயரும் புகழும்!

இன்றைக்கும் ஊரூர் குப்பத்து அம்மா ஒருவர் பட்டினப்பாக்கம் போகவேண்டும் என்றால், அடையாறு வந்து, திரு.வி.க. பாலத்தில் ஏறி, பல கிலோ மீட்டர் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். 2021-ம் ஆண்டில் இருந்து சாதா பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது சரிதான். ஆனால் மீன்கூடையோடு ஏறினால் பஸ்சில் எத்தனை பேர் முகம் சுளிக்கிறார்கள்? கண்ணுக்கு எதிரே தெரிகிற அக்கரைக்கு ஊரைச் சுற்றிப் போகவேண்டிய தலைவிதி. எந்த சினிமாவிலும் இந்தக் காட்சியை எடுத்ததாகத் தெரியவில்லை.

பாலத்தைத் திரும்பக் கட்டும் யோசனை அவ்வப்போது தலைகாட்டும். 2009-ம் ஆண்டு வாக்கில் கலங்கரை விளக்கத்தில் இருந்து கிழக்கு கடற்கரை சாலைக்கு கடலோரமாக உயர்மட்ட சாலை என்று பேச்சு கிளம்பியது. மீனவர்கள் கொதித்து எழுந்தார்கள். நடந்துபோக ஒரு பாலம் என்பது வேறு; கார்கள் பறக்க தலைக்கு மேலே ரோடு என்பது வேறு. குப்பத்துக்காரர்கள் கோபப்பட்டதில் தப்பு இல்லை.

ஏன் இங்கே வருகிறார்கள்?

சினிமா பார்த்தவனுக்கு அந்த இடத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட ஆசை வருவது இயற்கை. பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க முடியாது. பெரியவர்களும் அப்படி அலைந்தவர்கள்தான்.

ஆனால் சென்னையில் பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

1948-ம் ஆண்டு "சந்திரலேகா" படத்தில் எஸ்.எஸ்.வாசன் போட்ட அந்த பிரமாண்டமான முரசு நடனம் ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்தது. இன்றைக்கு ஜெமினி என்றால் பஸ் ஸ்டாப்பும் மேம்பாலமும்தான். 1973-ம் ஆண்டு கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும், ஜனங்கள் வாயில் அது இன்னும் "ஜெமினி பிரிட்ஜ்".

"பாதாள பைரவி" (1951), "மாயாபஜார்" (1957) படங்களின் மாய அரண்மனைகள் எல்லாம் வடபழனி வாகினி ஸ்டூடியோவில் எழுந்தவை. கடோத்கஜனாக ரங்காராவ் லட்டு லட்டாக விழுங்கியது அங்கேதான். இப்போது போனால் ஆஸ்பத்திரியும் "மால்" கட்டிடமும் இருக்கும். லட்டு வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கலாம்.

சரி, சமீபத்திய சங்கதிக்கு வருவோம். மணிரத்னம் 2022, 2023-ம் ஆண்டுகளில் "பொன்னியின் செல்வன்" இரண்டு பாகத்தையும் விட்டார். படத்தைப் பார்த்தவர்கள் சோழர் அரண்மனையைத் தேடி தஞ்சாவூருக்கு ஓடினார்கள். அங்கே இருப்பது நாயக்கர், மராட்டியர் காலத்து அரண்மனை. கங்கைகொண்டசோழபுரம் மாளிகைமேட்டில் செங்கல் அஸ்திவாரம்தான் மிச்சம். படத்தில் வந்த கோட்டை கொத்தளங்களில் பல, மத்தியப்பிரதேசத்து ஓர்ச்சாவும் குவாலியரும்!

ஆக, டிக்கெட் இல்லாமல், வாட்ச்மேன் இல்லாமல், சினிமாவில் பார்த்தபடியே இன்னமும் நிற்கிற இடம் உடைந்த பாலம். அதுதான் இழுக்கிறது. (தியாகராயநகர் ரங்கநாதன் தெருவை வைத்தும் 2010-ம் ஆண்டு "அங்காடித் தெரு" படம் வந்தது. அங்கே யாரும் சினிமா இடம் பார்க்க வருவதில்லை. துணி எடுக்க வந்தவனுக்கு கால் வைக்கவே இடம் இல்லை.)

கயிறு எங்கே?

ஷூட்டிங் நடக்கும்போது இதே பாலம் எப்படி இருக்கும்? ஜெனரேட்டர் வேன் நிற்கும். ராத்திரி பகலாக விளக்கு எரியும். ஸ்டண்ட் ஆட்கள் சூழ்ந்து நிற்பார்கள். கதாநாயகன் விளிம்பில் தொங்கினால் இடுப்பில் கயிறு இருக்கும். அந்தக் கயிறு திரையில் தெரியாமல் அழித்துவிடுவார்கள். "பேக்கப்" என்று டைரக்டர் சொன்னதும் விளக்கு, வேன், கயிறு எல்லாம் கிளம்பிவிடும். பாலமும் இருட்டும் மட்டும் அங்கேயே இருக்கும்.

கயிற்றை அழித்த படத்தைப் பார்த்துவிட்டு வருகிற வாலிபர், கயிறே இல்லாமல் அதே விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார். பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து "செல்பி" எடுக்கிறார்.

கீழே இருப்பது குளம் அல்ல, முகத்துவாரம். கடலும் ஆறும் மல்லுக்கட்டும் இடம். மணல்மேடு இன்றைக்கு ஒரு இடத்தில், நாளைக்கு வேறு இடத்தில். நேற்று முழங்கால் ஆழம் இருந்தது இன்று ஆள் ஆழம் ஆகிவிடும். கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் உள்ளே இருந்து வெளியே இழுக்கும். நீச்சல் தெரிந்தவனையும் விடாது. இந்த ஆற்றின் கோபத்தை 2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையே பார்த்தது.

இந்தத் தண்ணீர் ஆள் பார்த்து இழுப்பதில்லை. அடையாறு ஆற்றங்கரையில், இன்றைக்கு இசைப் பல்கலைக்கழகம் நடக்கும் வளாகத்தில், "பிராடி கேசில்" என்று ஒரு கோட்டை பங்களா இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பிராடி கட்டியது. கட்டிய சில வருஷத்திலேயே அவர் இதே அடையாற்றில் படகு கவிழ்ந்து மூழ்கிப்போனார். எலியட்ஸ் பீச்சில் சினிமாவுக்கு சினிமா தலைகாட்டும் வெள்ளைக் கட்டிடம் இருக்கிறதே, கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம்! அது டூயட்டுக்காக கட்டியது அல்ல. 1930-ம் ஆண்டு டிசம்பரில் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரருக்காக எழுப்பியது. அதன்முன் நின்று போட்டோ எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தண்ணீர் மட்டும்தான் ஆபத்தா? இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடமாட்டம் குறைவு. தனியாக உட்கார்ந்திருக்கும் ஜோடியை நாலு தடியர்கள் சூழ்ந்துகொண்டு செயினைக் கழற்று, செல்போனைக் கொடு என்று மிரட்டினால் கூப்பிட ஆள் இல்லை. பறிகொடுத்தவர்கள் போலீசுக்குப் போவார்களா என்றால் அதுவும் சந்தேகம். போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே! திருடனுக்கு அந்த பயம்தான் மூலதனம்.

டிமான்டி காலனி கதை

இதற்கு முன்பும் சென்னை இதைப் பார்த்திருக்கிறது. ஆழ்வார்பேட்டையில் டிமான்டி காலனி என்று ஒரு இடம். ஜான் டிமான்டி என்ற போர்த்துக்கீசிய வியாபாரியின் பெயரில் உள்ளது. அங்கே சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீடு என்றால் பேய் என்று கதை கட்டுவது ஊர் வழக்கம். 2015-ம் ஆண்டு அதே பெயரில் பேய்ப்படம் வந்தது. படம் ஓடியது. அதோடு வாலிபர் கூட்டமும் அந்தத் தெருவுக்கு ஓடியது, அதுவும் ராத்திரியில்! பேயைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தூக்கம் கெட்டது அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கு.

பேய் வீட்டிலாவது அதிகம் போனால் வாட்ச்மேனிடம் திட்டு. உடைந்த பாலத்தில் அப்படி அல்ல.

மால்டாவில் இடிந்தது

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. மால்டா என்ற குட்டி நாட்டில் கடலோரம் இயற்கையாக அமைந்த கல் வளைவு ஒன்று இருந்தது. ஜன்னல் மாதிரி ஓட்டை. "கேம் ஆப் த்ரோன்ஸ்" என்ற ராஜா–ராணி டெலிவிஷன் தொடரில் ஒரு கல்யாணக் காட்சிக்கு அதைக் காட்டினார்கள். அந்த வளைவின் உச்சியில் நடக்க சுற்றுலாக்காரர்கள் ஏறினார்கள். பாறை உதிர்ந்துகொண்டே வந்தது. ஏறினால் 1,500 யூரோ அபராதம் என்று அரசாங்கம் கடைசியில் உத்தரவு போட்டது. 2017-ம் ஆண்டு மார்ச் 8-ந்தேதி புயல் காற்றில் வளைவு மொத்தமாக கடலில் சரிந்தது. அந்த நேரத்தில் மேலே ஆள் இல்லாதது புண்ணியம்.

வட அயர்லாந்தில் அதே தொடரில் வந்த சாலையோர மரங்களுக்கும் இதே பாடு. கார்கள் வேர்மேல் ஏறி ஏறி, 2017-ம் ஆண்டு அந்த ரோட்டில் வண்டிகளுக்கே தடை போட்டார்கள். 2023-ம் ஆண்டு சில மரங்கள் விழுகிற நிலைக்கு வந்து வெட்டிவிட்டார்கள்.

அங்கே குறைந்தபட்சம், "இது தாங்குமா?" என்று ஒருவர் பார்த்தார். இங்கே மிச்சம் நிற்கும் பாலம் 1967-ம் ஆண்டு சிமெண்ட். அதற்குப்பிறகு எத்தனை வெள்ளம், 2004-ம் ஆண்டு சுனாமி, 24 மணி நேரமும் உப்புக் காற்று! பாதி ஏற்கனவே விழுந்த பாலத்தின் மீதிப்பாதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் ஏறுகிறது. என்ஜினீயர் யாராவது தட்டிப்பார்த்து, இத்தனை பேர்தான் ஏறலாம் என்று ஒரு போர்டு வைத்தால் என்ன?

"தடை போட்டு பூட்டிவிட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். பூட்டினால் சுவர் ஏறிக் குதிப்பார்கள். அப்போது இன்னும் ஆபத்து. போலீசார் அவ்வப்போது விரட்டுகிறார்கள். ஜீப் போனதும் கூட்டம் திரும்ப வந்துவிடுகிறது. தவிர, சம்பளத்தேதியில் இருந்து சம்பளத்தேதி வரை இழுத்துப்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, காசு செலவில்லாமல் சூரியன் மறைவதைப் பார்க்கக் கிடைக்கிற இடம் அது. அதையும் பிடுங்கவேண்டாம்.

முறிந்த முனையில், ஆள் சாய்ந்தாலும் அசையாத உறுதியான இரும்புத் தடுப்பு வேண்டும். போகிற பாதையில் நாலு விளக்கு வேண்டும். ஒரு மிதவையும் நீளக் கயிறும் எப்போதும் எடுக்கிற மாதிரி தொங்கவேண்டும். யாராவது தண்ணீரில் விழுந்தால் முதலில் குதிப்பது எப்படியும் குப்பத்துப் பையன்கள்தான். அவர்களில் நாலு பேருக்கு சனி, ஞாயிறு சாயந்திரம் சம்பளம் கொடுத்து அங்கே நிறுத்தலாம். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கவேண்டாம். பொது இடத்தில் படம் எடுக்க அனுமதியும் கட்டணமும் உண்டு. பாலத்தைக் காட்டி வசூல் செய்தவர்களின் காசில் ஒரு பங்கு பாலத்துக்கு வரட்டும்.

காணும் பொங்கல் அன்று கடலில் யாரும் இறங்காதபடி மெரினாவிலும் பெசன்ட்நகரிலும் மணலில் கட்டைகளை நட்டுத் தடுப்பு கட்டுவது போலீசாரின் வருஷாந்திர வழக்கம். பண்டிகை முடிந்ததும் அவிழ்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். இரும்பு வருகிறவரை, அதில் பத்து கட்டையை இறக்கி பாலத்து முனையில் கட்டிவைக்க ஒரு மத்தியானம் போதும்.