மழைக்கு முன்பே வலை பின்னுவோம்

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை மக்கள் பலர் உறவினர்களின் நிலை அறியாமல் தவித்தனர். மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்களும் முடங்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் பல பகுதிகளில் இதே நிலைதான்.

மாற்று வழி உண்டு. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இலவச ஃபர்ம்வேரை நிறுவி, ஆண்டெனா உள்ள யுஎஸ்பி வைஃபை கருவியையும் பேட்டரியையும் இணைக்க வேண்டும். இத்தகைய கருவிகள் ஒன்றிடமிருந்து ஒன்று தகவலை வாங்கிக் கடத்தும். வெளியுலக இணையம் கிடைக்காது. ஆனால் 'மாடியில் சிக்கியுள்ளோம், இன்சுலின் தேவை' என்ற செய்தி அடுத்த தெருவை எட்டும்.

அன்று பள்ளிவாசல்கள் மதம் பாராமல் அடைக்கலம் தந்தன. அவற்றின் மினாராக்கள் இக்கருவிகளையும் தாங்கட்டும். கோயில், சர்ச் மாடிகளும் இணையட்டும். இணையம் அறுந்தபின் ஃபர்ம்வேரைப் பதிவிறக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நம் ஜமாஅத் இளைஞர்களிடம் இப்பொறுப்பை ஒப்படைப்போம்.