டயர் லிஸ்ட்டைத் தூக்கிக் குப்பையில் போடுங்க சார்

"இப்போ எந்த கிளாஸ் டாப்?"

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட வருகிற ஒவ்வொருவரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஜனவரி பிறந்ததும் வரி மிச்சம் பிடிக்க என் டேபிளுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "போன வருஷம் எந்த ஃபண்டு சார் நம்பர் ஒன்?" என்று கேட்கிறவர்களும் இதே ரகம்தான். போன வருஷ நம்பர் ஒன்னை இந்த வருஷம் வாங்கி என்னய்யா செய்யப் போகிறீர்கள்? டயர் லிஸ்ட் என்பது போன பேட்ச்சின் பேலன்ஸ் ஷீட். அது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது கம்பெனி கணக்கையே மாற்றியிருக்கும்.

சும்மா சொல்லவில்லை. 2008 அக்டோபரில் ஒரு பேட்ச் வந்தது. பாலடினின் அடிதடி வகையான ரெட்ரிப்யூஷன் எதிரே வந்தவனையெல்லாம் துவம்சம் செய்தது. ஊரே பாலடினாக மாறியது. சில வாரங்களிலேயே கம்பெனி அதைத் தட்டி உட்கார வைத்தது. அடுத்த மாதமே டெத் நைட் என்ற புது கிளாஸ். அதே கூத்து, அதே குறைப்பு. 2023 ஜூலையில் இவோக்கருக்கு ஆக்மென்டேஷன் என்று ஒரு வகை வந்தபோதும் இதே கதைதான், திரும்பத் திரும்ப வெட்டினார்கள். உச்சியில் இருப்பதை வெட்டுவது கம்பெனியின் வழக்கமான வேலை. அப்படியிருக்க, உச்சியில் இருப்பதாலேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ன புத்திசாலித்தனம்?

என் கட்சி இது: நம்பகமான பலம் என்பது அடியின் கணக்கில் இல்லை, தட்டுப்பாட்டில் இருக்கிறது. 

டன்ஜனுக்குப் போக ஐந்து பேர் வேண்டும். அடி வாங்க ஒரு டேங்க், வைத்தியம் பார்க்க ஒரு ஹீலர், அடிக்க மூன்று பேர். எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை. அதனால் அடிப்பவர்கள் வரிசையில் காத்துக் கிடப்பார்கள், டேங்க் வந்த உடனே கதவு திறக்கும். 2009 டிசம்பரில் ஆளைத் தானே சேர்த்துவிடும் டன்ஜன் ஃபைண்டரைக் கொண்டுவந்தார்கள். அப்படியும் டேங்க் போதவில்லை. 2011 ஏப்ரலில், எந்த வேலைக்கு ஆள் குறைவோ அந்த வேலையில் வருகிறவருக்குத் தனியாக ஒரு பை பரிசு என்று அறிவித்தார்கள். உள்ளே தங்கம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் அபூர்வமான சவாரி மிருகம்கூடக் கிடைக்கும். யோசியுங்கள், கம்பெனியே இன்சென்டிவ் கொடுத்து ஆள் தேடுகிறது! பட்டியலில் முதலிடத்தில் இருக்கிற அடிதடிக்காரனுக்கு என்றைக்காவது இப்படிக் கொடுத்தார்களா?

இன்று மொத்தம் 13 கிளாஸ். அதில் டேங்க், ஹீலர், அடி என்று மூன்று வேலையும் தெரிந்தவை மூன்றே மூன்று: பாலடின், ட்ரூயிட், மாங்க். புதிதாக வருகிறவருக்கு என் சிபாரிசு பாலடின்தான். கனமான கவசம், தன் காயத்துக்குத் தானே மருந்து, எல்லாம் கைவிட்டால் எட்டு வினாடிக்கு எவனும் தொட முடியாத ஒரு குமிழி. ஐரோப்பிய சர்வரில் ஆடும் எங்களைப் போன்றவர்களுக்கு, பொத்தானை அமுக்கி அது அங்கே போய்ச் சேர ஒரு கணம் பிடிக்கிறது. அந்தக் கணத்தை மன்னிக்கிற கிளாஸ் வேண்டாமா?

2008-ல் ரெட்ரிப்யூஷனை வெட்டினார்களே, அன்று பாலடினில் ஹீலராக இருந்தவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அடுத்த ரெய்டிலும் அவரைத் தேடித்தான் வந்தார்கள்.

"எல்லாம் தெரிந்தவன் எதிலும் உருப்பட மாட்டான்" என்பார்கள். ஆரம்ப வருடங்களில் அதில் நியாயம் இருந்தது. பல வேலை தெரிந்த கிளாஸுக்கு வேண்டுமென்றே அடியைக் குறைத்து வைத்திருந்தார்கள். வேலையை மாற்ற ஒவ்வொரு முறையும் தங்கம் அழவேண்டும், போகப் போக ஒரு தடவைக்கு 50 வரை ஏறும். 2009 ஏப்ரலில் இரண்டு வேலையைக் கையில் வைத்துக்கொள்ள விட்டார்கள். இப்போது மாற்றுவதற்குச் செலவே கிடையாது. கவசமும் பெரும்பாலும் அதேதான், ஆயுதமும் ஒன்றிரண்டு சில்லறைச் சாமானும் மட்டும் வேறு. பழைய வாதத்தை இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டோடு கவுண்டருக்கு வருகிறவர்கள் மாதிரி :-)

2019 ஆகஸ்டில் திறந்த கிளாசிக் சர்வர் வேறு உலகம், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பாலடின் அலையன்ஸ் பக்கம் மட்டும்தான், அவரை டேங்க்காக வைத்துக்கொண்டு ரெய்டு போக யோசிப்பார்கள். ஆனால் ஹீலராக, ஆசீர்வாதம் கொடுப்பவராக, இடம் நிச்சயம். அங்கே பட்டியலில் மேலே நிற்கிற வாரியரைத் தனியாக 60-வது லெவல் வரை இழுத்துப் பாருங்கள், தெரியும் சங்கதி.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், எங்கள் வீட்டில் நடப்பதைப் பார்த்துத்தான். நான் புனேயில், அண்ணன் குடும்பம் நொய்டாவில், தங்கை குடும்பம் ஹைதராபாத்தில். பொங்கலுக்கு ஊரில் இரண்டு நாள் பார்த்துக்கொள்வதோடு சரி. சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் இந்த ஆட்டத்தில்தான் ஐந்து பேரும் ஒன்றாக இருக்கிறோம். என்னைத் தவிர நாலு பேரும் அடிதடி. பேட்ச் வந்தால் அண்ணன் பையன் பட்டியலைப் பார்த்துப் புது ஆளை முதலிலிருந்து வளர்க்க ஆரம்பித்துவிடுவான். அந்த வாரம் அவன் எங்களோடு இல்லை. அவன் இல்லையென்றால் யாரோ முகம் தெரியாதவரைச் சேர்த்துக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு, ஆபீஸ் வேலை மாதிரி ஆடிவிட்டு எழுந்திருக்கிறோம்.

"பாலடின்லாம் வயசானவங்க ஆடறது சித்தப்பா" என்கிறான். இருக்கட்டுமே. போன மூன்று பேட்ச்சில் அவன் மூன்று ஆள் மாற்றிவிட்டான், என் ஆள் அப்படியே நிற்கிறார்.

தங்கை மகளுக்கு வேறு பயம். "நான் ஹீல் பண்ணி யாராவது செத்துட்டா திட்டுவாங்க மாமா." நியாயமான பயம்தான், அந்நியர்களிடம் திட்டு வாங்க யாருக்குப் பிடிக்கும்? ஆனால் 2024 ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டர் பாத்திரங்களையே துணைக்கு வைத்துக்கொண்டு டன்ஜன் போகலாம். அவை செத்தாலும் திட்டாது. அங்கே பத்து நாள் பழகிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

குடும்பமாக ஆடுகிறவர்கள் முதலில் டேங்க் யார், ஹீலர் யார் என்று முடிவு செய்யுங்கள். அந்த இரண்டு பேரும் மேலே சொன்ன மூன்று கிளாஸில் ஒன்றை எடுக்கட்டும், ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் வேலையை மாற்றிச் சமாளிக்கலாம். மிச்ச மூன்று பேர் மேஜ் எடுத்தாலும் சரி, ஹன்டர் எடுத்தாலும் சரி. அண்ணன் பையன் எந்தப் பட்டியலை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தால் போதும்.