அமெரிக்கா கிளம்பும் பெட்டியில் அவரை விதை... எடுத்துப் போகலாமா?

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அம்மாக்களின் பெட்டியில் பருப்புப் பொடி, வத்தல், வடகத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் இடம்பிடித்துவிடும். உள்ளே பந்தல் அவரை விதை. மாப்பிள்ளை வீட்டின் பின்பக்கம் தோட்டம் போட்டிருக்கிறார், நம்ம ஊர்க் காய் ஒன்றாவது அங்கே காய்க்கட்டுமே என்ற ஆசைதான்!

ஆனால், அந்த விதை விமான நிலையத்தோடு நின்றுவிடலாம். முளைத்தாலும் ஒரு காய்கூடக் காய்க்காமல் போகலாம். இரண்டுக்கும் காரணம் உண்டு.

கொடி வளரும்... காய்க்காது!

ஆடியில் விதைக்கும் பந்தல் அவரை, மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பகல் நேரம் குறைந்தால்தான் அது பூக்கும். சென்னையில் ஜூன் மாதத்தில்கூட பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. நியூஜெர்சியிலோ அப்போது பகல் 15 மணி நேரம். கோடை முழுக்கக் கொடி தழைத்துக்கொண்டே இருக்கும். செப்டம்பரில் பகல் குறைந்து பூவெடுக்கும்போது, பின்னாலேயே உறைபனி வந்து கொடியைக் கருக்கிவிடும். சிறகு அவரைக்கும் இதே கதைதான்.

அதனால், நமக்குப் பிடித்த விதையைவிட அந்த ஊர்க் கோடைக்குள் பலன் தரும் விதையே நல்ல பரிசு. அங்கே தோட்டக்காலம் மே முதல் அக்டோபர் வரைதான். தண்டுக்கீரை, அரைக்கீரை ஒரே மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். அவரைதான் வேண்டும் என்றால், பகல் நேரத்தைப் பார்க்காமல் பூக்கும் குத்து அவரை ரகங்களைக் கேட்டு வாங்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

விதையோடு பூச்சியும் நோயும் சேர்ந்தே பயணம் செய்யும். 2014-ல் இஸ்ரேலில் முதலில் தென்பட்ட ஒரு தக்காளி வைரஸ், விதை வழியாகவும் பல நாடுகளுக்குப் பரவியது. அதனால் 2019 முதல் தக்காளி, மிளகாய் விதைகளுக்கு அமெரிக்காவில் கெடுபிடி அதிகம். வள்ளைக்கீரை அங்கே தடை செய்யப்பட்ட களை. கறிவேப்பிலையை இலையாகக்கூட இங்கிருந்து கொண்டுபோக முடியாது.

மற்ற பல விதைகளுக்கு வழி இருக்கிறது. மகளோ மாப்பிள்ளையோ அமெரிக்க வேளாண் துறையிடம் 'சிறு அளவு விதை' அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். எந்த விதைக்கு அது பொருந்தும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். ஒரு பாக்கெட்டில் 50 விதைகள் அல்லது 10 கிராம் வரைதான் இருக்கலாம். ஒரு தடவைக்கு 50 பாக்கெட்டுகள் வரை அனுமதி. அனுப்புபவர் பெயர், நாடு, தாவரவியல் பெயர் மூன்றும் பாக்கெட்டின் மேல் தெளிவாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து தடவிய விதை கூடாது. மண், தூசி ஒட்டியிருக்கவும் கூடாது. ஆய்வு முடிந்த பிறகுதான் விதை கைக்கு வரும்.

இந்த அனுமதி இல்லாமல் அனுப்புவதென்றால், இங்கே தாவர சுகாதாரச் சான்றிதழ் தேவை. சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மத்திய அரசின் தாவரத் தடைக்காப்பு நிலையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். பிரிட்டன், ஐரோப்பிய நாடுகளுக்கும் பெரும்பாலான விதைகளுக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம்.

மறைக்க வேண்டாம்!

பெட்டியில் விதை இருந்தால், சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ சொல்லிவிடுவதே நல்லது. சொன்னால், அனுமதி இல்லாத விதையை எடுத்துக்கொள்வதோடு விட்டுவிடுவார்கள். மறைத்தால் முதல் முறையே 1,000 டாலர் வரை அபராதம் விழலாம். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் நாளில் அந்தச் சங்கடம் வேண்டாமே!

அனுமதிக்கு நேரமில்லையா? வெண்டை, பாகல், புடலை விதைகளை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். எத்தனை அங்குல ஆழத்தில் ஊன்றுவது, எப்போது பந்தல் கட்டுவது என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கத்தான் அம்மா வேண்டும். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை!