ஆணி அடிக்காத கோயிலும் நாம் அடிக்கிற பெயின்ட்டும்

முதல் வருஷம் கார்ப்பென்ட்ரி ஷாப்பில் மார்ட்டைஸ்-டெனன் ஜாயின்ட் போடச் சொன்னால், "இதெல்லாம் எதுக்குங்க சார், நாலு ஆணி அடிச்சா போச்சு" என்று முணுமுணுக்காதவர் யார்? அதே கழுந்தும் துளையும்தான் சிங்கப்பூரில் ஒரு கோயிலை 180 வருஷத்துக்கும் மேலாகத் தாங்கி நிற்கின்றன.

தெலோக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹாக் கெங் என்ற தாவோ மதக் கோயில் அது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஹொக்கியன் சீனர்கள், தங்களை உயிரோடு கரை சேர்த்த கடல் தாய் மாசுவுக்கு 1839 முதல் 1842 வரை கட்டியது. அன்று வாசலில் அலை அடித்தது. பிறகு கடலைத் தூர்த்துவிட்டார்கள். இன்று வாசலில் நின்றால் கட்டிடம்தான் தெரியும். அதே தெருவில் நம் தமிழ் முஸ்லிம்கள் 1828-30-இல் கட்டிய நாகூர் தர்காவும் இருக்கிறது. கடலோடிகளுக்குக் காவல் என்று நம்பித்தானே நாகூர் ஆண்டவரையும் அங்கே கூட்டிப்போனார்கள்!

கோயிலை 1973-இலும் தர்காவை 1974-இலும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1998 முதல் 2000 வரை கோயிலைப் பழுது பார்த்தார்கள். 2001-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அதற்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

"அது பணக்கார ஊருங்க" என்பீர்கள். சரி, நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்குப் பணமா வரவில்லை? வந்த பணத்தில் என்ன செய்கிறோம்? கல் தூணுக்கு எனாமல் பெயின்ட். கருங்கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்து, கல்வெட்டு எழுத்தையே மழுக்குகிறோம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசிய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எறிந்துவிட்டு சிமென்ட் பூசுகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் வந்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சுவர் உதிரும். சிவில் பசங்களுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் கான்ட்ராக்டர் சொன்னால் தலையாட்டுகிறோம். காசில்லாமல் கெட்டதைவிட காசு வந்து கெட்டதுதான் நம்மிடம் அதிகம் என்பது என் கருத்து.

சீனக் கட்டிடம் நமக்கு அந்நியமா? நீலகிரி நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட வேலைக்கு வெள்ளைக்காரன் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தான். அது இருக்கட்டும். நாகப்பட்டினத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது. ஊரார் சொன்ன பெயர் புதுவெளிக் கோபுரம். வெள்ளைக்காரர் வைத்த பெயர் சீனக் கோபுரம். கட்டியது சீனரா, ஸ்ரீவிஜயத்தாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்த்து வைக்கக் கோபுரமும் இல்லை, 1867-இல் இடித்துவிட்டார்கள். மிஞ்சியது வால்டர் எலியட் 1846-இல் பார்த்து எழுதிய வர்ணனை மாதிரி சில குறிப்புகளும் படமும்தான்.

அந்தக் குறிப்பாவது இருக்கிறது. நம் கிராமத்துக் கோயிலுக்கோ, சத்திரத்துக்கோ, பழைய பள்ளிவாசலுக்கோ ஒரு பிளான் இருக்கா? நாளைக்கு ஒரு தூணைக் கழற்றினால் திரும்ப எங்கே வைப்பது?

சர்வே லேபில் டேப்பும் லெவலும் தூங்குகின்றன. செமஸ்டர் லீவில் ஆளுக்கொரு கட்டிடத்தை அளந்து பிளான், எலிவேஷன், செக்‌ஷன் போடுவோம். திருப்பணிக் கமிட்டிக்கு ஒரு காப்பி, நம் லைப்ரரிக்கு ஒரு காப்பி. பேரூர்ப் பக்கம், அவிநாசிப் பக்கம், பல்லடம் பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். முதல்ல யாருங்க வர்றீங்க?