இது யாரைச் சேர்ந்தது?

குழந்தைகளை வீட்டிலேயே இங்கிலீஷ் பாடம் படிக்க வைக்கும் சகோதரிகளுக்கு அடிக்கடி தேவைப்படும் சொல் 'பிலாங் டு'. இதற்கு 'சொந்தமானது', 'சேர்ந்தது' என்று அர்த்தம். "திஸ் பேக் பிலாங்ஸ் டு மீனா" என்றால், இந்தப் பை மீனாவுடையது. சாமான் முதலில் வரும், சொந்தக்காரர் 'டு'வுக்குப் பின்னால் வருவார். சங்கம், கட்சி இவற்றில் அங்கத்தினராக இருப்பதற்கும் இதே சொல்தான்.

இரண்டு இடங்களில் நம்மவர்கள் தடுமாறுவது உண்டு. "திஸ் புக் இஸ் பிலாங்கிங் டு மீ" என்று 'இங்' போடக் கூடாது. சமைப்பது, துவைப்பது எல்லாம் நடந்துகொண்டிருக்கும் வேலை, சொந்தம் அப்படியில்லையே! அடுத்தது, 'நான் மதுரையைச் சேர்ந்தவள்' என்பதை "ஐ பிலாங் டு மதுரை" என்கிறோம். நம் நாட்டில் இது செல்லும். வெளிநாட்டுக்காரரிடம் "ஐ ஆம் ஃப்ரம் மதுரை" என்பதே நல்லது. இன்டர்வியூவுக்குப் போகும் பெண்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

'டு' இல்லாமலும் இது வரும். "தி ஸ்பூன்ஸ் பிலாங் இன் திஸ் டிராயர்" என்றால் ஸ்பூன்களுக்கு உரிய இடம் இந்த டிராயர். மனிதர்களுக்கும் அப்படித்தான். "ஐ பிலாங் ஹியர்" என்றால் 'இது என் இடம், நான் இங்கே அந்நியமில்லை' என்று பொருள்.

இதோடு 'ஃபிட் இன்' என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நாலு பேரோடு ஒத்துப் போவது. புதுப் பள்ளியில் சேர்ந்த என் சின்னவள் ஒருநாள், "ஐ ட்ரை டு ஃபிட் இன், அம்மா. பட் ஐ டோன்ட் பிலாங் தேர்" என்றாள். முதல் வாக்கியம் அவள் படும் பாடு. இரண்டாவது, மற்றவர்கள் அவளுக்குத் தராத இடம். இதற்குப் போய் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "தனியாத்தான்" என்றாள். மறுநாளே டீச்சரைப் பார்த்துச் சொன்னேன். கூடப் படிக்கும் இரண்டு பெண்களை வீட்டுக்கு டிபனுக்கும் கூப்பிட்டேன்.

புதிதாக வந்த மருமகளுக்கும் இது பொருந்தும். நம் வீட்டு வழக்கங்களுக்கு ஒத்துப்போக அவள் பாடுபடுவாள். 'இது என் வீடு' என்று அவளை நினைக்க வைப்பது நம் பொறுப்பு.

குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி: சாயங்காலம் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் காட்டி, "ஹூ டஸ் திஸ் பிலாங் டு?" என்று கேளுங்கள். விளையாட்டாகவே கற்றுக்கொண்டுவிடுவார்கள்.