நனையாமல் மலையேறும் பேராசை

அக்டோபர் பிறந்துவிட்டால் ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் வேலை பார்க்கும் இளைஞர்களிடையே ஒரு பேச்சு கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம் மலையேறப் போகலாம், இல்லாவிட்டால் ஏதாவது ஏரிக்கரையில் தூண்டில் போடலாம். அதற்கு முன் நல்ல வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட்டும் ஷூவும் வாங்கிவிட வேண்டும். மழையை உள்ளே விடாது, வியர்வையை வெளியே அனுப்பிவிடும், விலை ஏற ஏற இரண்டையும் இன்னும் நன்றாகச் செய்யும் என்று ஒரு நம்பிக்கை. தீபாவளி போனஸில் ஒரு பங்கு இதற்கே போகிறது. நம் ஊர் மழைக்கு இந்த நம்பிக்கை செல்லாது என்பது என் கட்சி.

சரக்கு பொய் என்று சொல்லவில்லை. 1969ல் அமெரிக்காவில் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் வகைப் பொருளைச் சடாரென்று இழுத்தார். அது அறுபடாமல் நுண்துளைகளோடு நீண்டது. மழைத்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையும் துளைகள். கோர்டெக்ஸ் பிறந்தது அப்படித்தான். ஆனால் நீராவி தானாக வெளியே ஓடிவிடாது. உள்ளே அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் நகரும். 34 டிகிரியில் வியர்த்துக் கிடக்கும் தோலருகே நீராவி அழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். ஸ்காட்லாந்தில் 10 டிகிரிக் குளிரில் மழை பெய்யும்போது வெளியே 1 சொச்சம்தான். நம் ஐப்பசி மழையில், 26 டிகிரியும் 95 சதவீத ஈரப்பதமும் என்றால், வெளியே 3.2. தள்ளுகிற விசை பாதியாகிவிட்டது. உடம்போ ஏற்றத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கிறது. மேல்துணியில் உள்ள நீர் விலக்கும் பூச்சும் தேய்ந்துவிட்டால், துணி தண்ணீரைக் குடித்துக் கனத்து, இருக்கிற வழியையும் அடைத்துவிடும். அதன்பின் உள்ளே நனைத்தது மழையா வியர்வையா என்று ஆராய்ந்து பயனில்லை.

ஜாக்கெட்டின் சீட்டில் 10,000 என்று போட்டிருக்கிறதே என்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி ஒரு நாளில் இத்தனை கிராம் நீராவியைக் கடத்தும் என்று அர்த்தம். அது ஆய்வுக்கூடத்து எண். சோதனை முறையை மாற்றினால் எண்ணும் மாறும். கம்பெனியில் தரச்சோதனை பார்க்கிறவர்கள்கூட, எந்த நிலையில் அளந்தீர்கள் என்று கேட்காமல் பில் போடச் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஷூ விஷயம் இன்னும் மோசம். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் ஷூவின் துணி வழியாக வருவதில்லை, கணுக்காலுக்கு மேலே திறந்திருக்கும் வாய் வழியாக வருகிறது. தண்ணீரை உள்ளே விடாத ஷூ, வந்த தண்ணீரை வெளியேயும் விடாது. நாள் முழுக்கக் கால் ஊறி, தோல் வெளுத்து, கொப்புளம் கிளம்பும். நம் ஈரக்காற்றில் மறுநாள் காலை வரைக்கும் அந்த ஷூ காயாது. சாதாரண வலைத்துணி ஷூ என்றால் நடக்க நடக்கவே தண்ணீர் வடிந்து போய்விடும். ஆளை விழவைப்பது ஈரக்கால் இல்லை, பாசி பிடித்த பாறை. அங்கே காப்பாற்றுவது அடிப்பாகத்து ரப்பரும் அதன் வெட்டும்தான். ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயர் என்று ரப்பர் கலவையே பிழைப்பான வட்டாரத்துக்கு இதை விளக்க வேண்டுமா? (கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவிலேயே மலையேறுகிற சிக்கனக்காரர்களும் உண்டு. இறக்கத்தில் விரல்கள் இரும்பு மூடியில் இடிக்கும்போது சிக்கனம் தெரியும்.)

மீன்பிடிப்பிலும் இதே கதைதான். பழவேற்காட்டுப் பக்கம் கையால் இறால் பிடிக்கும் இருளர்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறார்கள். நனைவது அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. காலைக் கிழிக்கும் சிப்பி ஓடுதான் பிரச்சினை. அவர்களுக்கு வேண்டியது வெட்டுப்படாத செருப்பு. சிப்காட் சாலையில் சாக்கடை கலந்து தேங்கும் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. எலிக்காய்ச்சல் வருவது அப்படித்தான். அங்கே முழங்கால் உயர கம்பூட் போட வேண்டும். அது காற்றோட்டம் உண்டு என்று பீற்றிக்கொள்வதும் இல்லை.

அப்படியானால் மழைக்கோட்டே வேண்டாமா? பைக்கில் கட்டாயம் வேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து படப்பைக்கு ஓட்டிப் போகிறவர் வியர்ப்பதில்லை, எதிர்க்காற்றில் நடுங்குகிறார். அவருக்குத் தையலின் மேல் டேப் ஒட்டிய சாதாரண ரெயின்கோட் போதும். சுவாசிக்கும் துணிக்கு அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. மலையில் நேர் எதிர். அங்கே மெல்லிய பாலியஸ்டர் சட்டை போட்டு நனைந்துவிட்டுக் காய்வதே மேல். ஜீன்ஸ் மட்டும் ஆகாது. மாற்றுத்துணியும் போனும் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். மார்கழி உதகையிலும் இமயமலையிலும் கணக்கு வேறு. குளிர்காற்றில் நனைந்தால் உயிருக்கே ஆபத்து. வெளியே நீராவி அழுத்தம் குறைவாக இருப்பதால் கோர்டெக்ஸ் படலமும் அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

எப்போதாவது பனிமலைக்குப் போக உதவும் என்று இப்போதே வாங்கிப் பூட்டி வைப்பதும் வீண். பாலியூரித்தேன் பூச்சு உள்ள ஜாக்கெட் நம் ஈரப்பதத்தில் அலமாரிக்குள்ளேயே பிசுபிசுத்து உரியும். அதே பொருளாலான ஷூ அடிப்பாகம் போடாமலே பொடிந்துபோகும். மணாலியில் இரண்டுமே வாடகைக்குக் கிடைக்கின்றன.